மணல்மேட்டு வீடு: மேல் ஜன்னலும் கீழ்க் காத்தும்

"ஜன்னலைத் திறந்தது நீயா, இல்ல காத்தே வந்து கொக்கியைக் கழட்டுச்சா?"

"கத்தாத இர்மெலி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நல்லாக் கேக்கட்டும்! வெளிய மைனஸ் பதினெட்டு. மாடி ரூமுல ரெண்டு ஜன்னலும் ஆன்னு திறந்து கிடக்கு. என் ஜெரேனியச் செடி விறைச்சுப் போச்சு, தொட்டா மொறுமொறுன்னு உடையுது."

"வீட்டுக்குக் காத்தோட்டம் நல்லதுன்னு நீதானே சொல்லுவ?"

"நான் சொன்னது மே மாசத்துல!"

கலெவி வாயை மூடிக்கிட்டாரு. இர்மெலிக்கு அதுதான் இன்னும் சந்தேகத்தைக் கிளப்புச்சு. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு நிமிஷம் நின்னாலே பின்னாடி வந்து தொண்டையைச் செருமுற மனுஷன் இவரு. கதவு இடுக்குல பழைய கம்பளிச் சாக்ஸைச் சுருட்டி வைக்கிறவரு. அவரு பிப்ரவரியில ஜன்னலைத் திறந்து வைக்கிறாருன்னா, ஒண்ணு உடம்பு சரியில்ல, இல்ல ஏதோ திருட்டுத்தனம்.

உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. காலையில மூணு ரொட்டி சாப்பிட்டாரு.

நடுவுல வந்து சேர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தம்பெரே ஊருல ரெண்டு ஏரிக்கு நடுவுல நிக்கிற மணல்மேட்டு உச்சியில கலெவியோட வீடு. காகித ஆலையில மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. பொண்டாட்டி இர்மெலி இன்னும் பள்ளிக்கூடச் சமையலறையில வேலை பாக்குறா. ஹெல்சிங்கியில இருக்கிற மக நூராவுக்கு ஏப்ரல்ல குழந்தை பிறக்கப் போவுது. அவளும் புருஷன் பெத்தேரியும் இங்கயே வந்து குடியிருக்கட்டும்னு, கலெவி தன்னோட தச்சுப் பட்டறையா இருந்த கீழ்த்தளத்தைத் தன் கையாலயே வீடா மாத்திக் கட்டி முடிச்சாரு. பலகை அறைஞ்சது, ஓடு பதிச்சது, அலமாரி செஞ்சது எல்லாம் அவருதான்.

எல்லாம் முடிஞ்ச நேரத்துலதான் ஆய்வுக்கூடத்துல இருந்து அந்த முடிவு வந்துச்சு. இலையுதிர்காலத்துல கீழ்த்தளத்து அலமாரியில ரெண்டு மாசம் வச்சு, தபால்ல திருப்பி அனுப்பின சின்னக் கறுப்பு டப்பா. அது சொன்னது ஆயிரத்து நானூத்தி அறுபது. மண்ணுக்கடியில இருந்து கசிஞ்சு வர்ற ரேடான்ங்கிற கதிரியக்க வாயு. ஒரு கன மீட்டர் காத்துல முன்னூறு பெக்கரெல் கதிர்வீச்சுக்கு மேல வீட்டுல இருக்கக் கூடாதுங்கிறது இந்த ஊர்க் கணக்கு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல்ல புத்துநோய் வரைக்கும் கொண்டு போய் விடும். நூரா நுரையீரல் வார்டுல நர்ஸ். அவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

"டப்பா தப்பு. மறுபடி அளக்கணும்"னு கலெவி சொன்னாரு. ஜனவரியில ரெண்டாவது டப்பா வந்து உக்காந்துச்சு.

இப்ப இந்த ஜன்னல்.

"கலெவி, என்னைப் பாரு. டப்பாவை ஏமாத்தத்தானே திறந்த?"

அவரு சுவத்தைப் பாத்தாரு. "தினமும் கொஞ்ச நேரம்தான். நீ வேலைக்குப் போனப்புறம்."

"இன்னிக்கு சனிக்கிழமை. நான் வீட்டுலதானே இருக்கேன்!"

"நீ தூங்குறேன்னு நெனச்சேன்."

இர்மெலிக்குக் கோவம் வரணும். ஆனா சிரிப்புதான் முட்டிக்கிட்டு வந்துச்சு. தலையில ரோமத் தொப்பி, கையில தடிச்ச உறை, கீழ பைஜாமா. அப்படியே நின்னுக்கிட்டு இருந்தாரு மனுஷன்.

"நம்பர் ஏறி வந்தா அவங்க ஊலுவுக்குப் போயிருவாங்க"ன்னாரு கலெவி. "பெத்தேரியோட அம்மா அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க ரூம் சும்மா கிடக்குதாம்."

சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு. ஊலு வடக்க ரொம்ப தூரம். அங்க போயிட்டா பேரப்பிள்ளையை வருஷத்துக்கு ரெண்டு தடவை பாத்தா பெருசு. அவளும் அதையேதான் நெனைச்சுக்கிட்டு இருந்தா. ஆனா ஜன்னலைத் திறந்து வைக்கல.

"நூரா வந்ததும் நீயே சொல்லிடு"ன்னா.

"சொல்றேன்"ன்னாரு. சொல்ல மாட்டாருன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

*

மகளும் மருமகனும் வந்தப்ப காப்பி கொதிச்சு இறங்கியிருந்துச்சு. ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட மேசையில இருந்துச்சு. நூரா வயித்தை முன்னாடி விட்டுக்கிட்டு, பனியில வழுக்காம வாத்து மாதிரி நடந்து வந்தா.

"அம்மா, ஏன் வீடு இவ்ளோ குளிருது?"

"உங்கப்பாவைக் கேளு."

"அடுப்பு இப்பத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு"ன்னாரு கலெவி.

பெத்தேரி ஷூவைக் கழட்டி வச்சிட்டு நேரா கீழ்த்தளத்துக்கு இறங்கினான். அவனுக்குத் தொழில் புகைபோக்கி சுத்தம் பண்றது. ஒரு வீட்டுக்குள்ள வந்தா முதல்ல காத்து எங்க இருந்து எங்க போவுதுன்னுதான் பாப்பான். போன சனிக்கிழமை வந்தப்ப நூலகத்துல இருந்து இரவல் வாங்கின ஒரு எலக்ட்ரானிக் மீட்டரை, கீழ்த்தளத்துப் புத்தகத் தட்டுல, தடிச்ச அகராதிக்குப் பின்னாடி வச்சிட்டுப் போயிருந்தான். விஷயம் இர்மெலிக்கு மட்டும் தெரியும்.

மீட்டரையும் போனையும் கையில பிடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்துச்சு.

"என்ன அது?"ன்னாரு கலெவி.

"மீட்டர். டப்பா ரெண்டு மாசம் கழிச்சு ஒரே ஒரு நம்பர்தான் சொல்லும். இது மணிக்கணக்கா சொல்லும்." போனை மேசையில வச்சான். கோடு ஒண்ணு மலை மாதிரி ஏறி ஏறி இறங்கியிருந்துச்சு. "மாமா, ஒண்ணு கேக்கவா? தினமும் காலையில பத்து மணி வாக்குல இந்த வீட்டுல என்ன நடக்குது?"

இர்மெலி ஒரு முழு புல்லாவை எடுத்து வாய்க்குள்ள அடைச்சுக்கிட்டா.

"ஒண்ணும் நடக்கல"ன்னாரு கலெவி.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஏறுது. செவ்வாயும் அப்படித்தான். ஒரு நாள் விடாம ஏறுது. சாதாரணமா ஆயிரத்து ஐநூறு. பத்து மணிக்கப்புறம் ரெண்டாயிரத்து முன்னூறு."

"ஏறுதா?" கலெவி நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டாரு. "எப்படி ஏறும்? நான் ஜன்னலை இல்ல திறந்து…"

அவ்ளோதான். தானே உளறிட்டாரு.

"எந்த ஜன்னலை?" பெத்தேரி மெதுவாக் கேட்டான்.

"மாடியில உள்ளதை. கீழ திறந்தா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிருமே. அதான் மேல. கீழ சூடு போயிரக் கூடாதுன்னு அடுப்பையும் நல்லா மூட்டி விட்டேன்."

பெத்தேரி வாயைப் பொத்திக்கிட்டான். தோள் ரெண்டும் குலுங்குச்சு. "மாமா… சூடான காத்து மேல ஏறி மாடி ஜன்னல் வழியா வெளிய போவுது. அந்த இடத்தை நிரப்பக் கீழ இருந்து காத்து வரணும்ல? தரை வெடிப்பு வழியா மணலுக்குள்ள இருக்கிற அத்தனையையும் இழுத்துக்கிட்டு வருது. போதாததுக்கு அடுப்பு வேற இழுக்குது. வீட்டையே ஒரு புகைபோக்கியா ஆக்கி வச்சிருக்கீங்க. நான் இத்தனை வருஷத் தொழில்ல இவ்ளோ நல்லா இழுக்கிற புகைபோக்கியைப் பாத்ததே இல்ல!"

நூரா முதல்ல சிரிச்சா. அப்புறம் இர்மெலி, வாயில புல்லாவோட. பொறையேறிப் போச்சு. பெத்தேரி அவ முதுகைத் தட்டினான். கலெவி மட்டும் சிரிக்கல. போன்ல இருந்த அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. பிறகு கீழ இறங்கிப் போயிட்டாரு.

நூரா சிரிப்பைத் துடைச்சிட்டுப் பின்னாடியே போனா. இர்மெலி படிக்கட்டு மேல நின்னு காதைத் தீட்டிக்கிட்டா. தப்புதான். ஆனா எந்த அம்மா நிக்க மாட்டா?

"அப்பா."

"குழந்தை ரூமுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சேன். நீ பச்சைன்னு சொன்னியே."

"நல்லா இருக்குப்பா. அப்பா, இங்க பாரு. நான் குழந்தைக்காக மட்டும் பயப்படல. நாங்க இன்னும் இங்க வந்து ஒரு ராத்திரிகூடத் தூங்கல. நீதான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தத் தச்சு மேசையில உக்காந்து மரம் இழைச்சுக்கிட்டு இருக்க. வருஷக்கணக்கா. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் சிகரெட் பிடிச்ச? சிகரெட்டும் ரேடானும் ஒண்ணோட ஒண்ணு கூட்டு சேர்ந்துக்கும். வார்டுல நான் பாக்குற ஆளுங்க எல்லாம் உன்னை மாதிரிதான் இருக்காங்க. அதே மாதிரி கட்டம் போட்ட சட்டை."

"எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னாரு கலெவி.

"இப்ப ஒண்ணும் இல்ல. அப்படியே இருக்கணும்னுதான் சொல்றேன். நம்பர் இறங்காம நான் குழந்தையோட வர மாட்டேன். இறங்கிருச்சுன்னா ஊலு பக்கமே போக மாட்டேன். போதுமா?"

*

வழி இல்லாம இல்ல. மாநகராட்சியில இதைப் பாக்குற அதிகாரிகிட்ட நூரா போன வாரமே பேசிட்டா. மணல்மேடு ரேடானை வாரிக் கொடுக்கும், ஆனா சரி பண்றதும் அங்கதான் சுலபம். வீட்டுக்குப் பக்கத்துல மணல்ல ஆழமா ஒரு குழி தோண்டி, குழாய் இறக்கி, விசிறி வச்சு மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய விட்டா போதும். ரேடான் கிணறுன்னு பேரு. தண்ணி வராத கிணறு. ஒரே கிணறு சுத்தி இருக்கிற ரெண்டு மூணு வீட்டுக்குக்கூட வேலை செய்யும்.

"அப்ப தோண்ட வேண்டியதுதானே!"ன்னா இர்மெலி.

"மண்ணு மே மாசம் வரைக்கும் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும் அத்தை. குழந்தை ஏப்ரல்ல வருது"ன்னான் பெத்தேரி.

கலெவி கீழ இருந்து ஏறி வந்து காப்பி ஊத்திக்கிட்டாரு. யாரையும் பாக்காம, கோப்பைகிட்ட பேசுற மாதிரி சொன்னாரு. "உறையாத இடம் ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"உருளைக்கிழங்கு நிலவறை. சரிவைக் குடைஞ்சு கட்டினது. பாதி ஆழம் அங்கயே ஆயிருச்சு. தரை வெறும் மணல். எந்தக் குளிர்காலத்துலயும் உள்ள உறைஞ்சதில்ல."

அந்த நிலவறை கலெவியோடது இல்ல. சரிவுக்குக் கீழ் வீட்டுல இருக்கிற அவரோட அக்கா ரைலியோடது. சொத்தைப் பிரிச்சப்ப கோடு நிலவறைக்கு இந்தப் பக்கமா விழுந்துருச்சு. அன்னைக்கு கலெவி தன்னோட கிழங்கு மூட்டையைத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டு வந்தவருதான், அதுக்கப்புறம் அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சௌனாங்கிற ஆவிக்குளியல் அறை மட்டும் இன்னும் பொது. சனிக்கிழமை முதல் முறை ரைலிக்கு, அடுத்த முறை இவங்களுக்கு. ரைலி குளிச்சு முடிச்சுப் போயிட்டாங்களான்னு கலெவி திரைக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டுத்தான் இறங்குவாரு.

"நான் போய்க் கேக்க மாட்டேன்"ன்னாரு கலெவி.

"உன்னை யாரு கேக்கச் சொன்னா?" இர்மெலி துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்தா.

"இப்ப ரைலியோட முறை!"

"தெரியும்."

*

கதவைத் திறந்ததும் உள்ள இருந்து குரல் வந்துச்சு. "யாரா இருந்தாலும் கதவைச் சாத்து! ஆவி போவுது!"

இர்மெலி சாத்திட்டு, துணியைக் கழட்டிட்டு, மேல் பலகையில ஏறி ரைலி பக்கத்துல உக்காந்தா. ரைலி ஒரு கண்ணை மட்டும் திறந்து பாத்தாங்க. எழுபதைத் தாண்டியாச்சு, சூடுன்னா இன்னும் சின்னப் பொண்ணுங்களையே ஓட வச்சிருவாங்க. ஒரு கரண்டித் தண்ணியை அடுப்புல காய்ஞ்ச கல்லு மேல ஊத்தினாங்க. சூடு சுள்ளுன்னு ஏறுச்சு.

சௌனாவுக்குள்ள யாரும் சண்டை போட மாட்டாங்க. பொய்யும் சொல்ல மாட்டாங்க, வேர்வையில ஒட்டாது. இர்மெலி ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னா. டப்பா, ஜன்னல், ரோமத் தொப்பி, ரெண்டாயிரத்து முன்னூறு.

ரைலி பலகையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. "மாடி ஜன்னலையா! சின்ன வயசுல ஐஸ் ஓட்டையில மீன் பிடிக்கப் போயி, குளிருதுன்னு ஐஸ் மேலயே தீ மூட்டினவன்தானே இவன்!"

"நீங்க அளந்து பாத்தீங்களா?"

"பின்ன? நூலகத்துல அந்த மீட்டருக்கு வரிசையில நின்னு வாங்கினேன். என் வீட்டுல அறுபதுதான்." ரைலி நெஞ்சை நிமித்திக்கிட்டாங்க. "குளிர்காலத்துல காத்து மேட்டோட அடிவாரத்துல, என் பக்கம் உள்ள போவுதாம். மணல் பூரா சுத்தி உச்சியில உங்க வீட்டுல வெளிய வருதாம். நான் சுத்தமாத்தான் அனுப்புறேன். அவன்கிட்ட போய்ச் சேரும்போது விஷமாயிடுது."

"கோடையில?"

ரைலி மூக்கைச் சொறிஞ்சாங்க. "கோடையில தலைகீழாம். அவன் அனுப்புவான், நான் வாங்கிக்கணும்."

"அப்ப கிணறு உங்களுக்கும் வேணும்."

"வேணும்தான்"ன்னு இன்னொரு கரண்டி ஊத்தினாங்க. "தரேன். ரெண்டு விஷயம். ஒண்ணு, அவன் வந்து வாயைத் திறந்து கேக்கணும். இன்னொண்ணு, நம்பர் இறங்குற வரைக்கும் நூராவும் குழந்தையும் என் வீட்டு மாடியில இருக்கணும். அங்க காத்து நல்லா இருக்கு. ஆளுதான் இல்ல."

ரெண்டாவதுதான் இர்மெலியை உறுத்துச்சு. பச்சை பெயின்ட் அடிச்ச ரூமு காலியாக் கிடக்க, குழந்தை அக்கா வீட்டுக்குப் போறதா? முதலாவதுகூடப் பரவாயில்ல. இதை எப்படி அந்த மனுஷன்கிட்ட சொல்றது?

ரெண்டு பேரும் துண்டைச் சுத்திக்கிட்டு, உடம்புல இருந்து ஆவி பறக்க வெளிய வந்தாங்க. அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. சரக், சரக்.

நிலவறை வாசல்ல இடுப்பளவு பனி. கலெவி மண்வெட்டியால வாரித் தள்ளிக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல கடப்பாறை, கயிறு, வாளி. பெத்தேரி கையில விளக்கு. நூரா வீட்டுப் படியில நின்னு, ரெண்டு கையும் வயித்து மேல வச்சுக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தா.

"யாரைக் கேட்டு என் இடத்துல தோண்டுற?"ன்னு ரைலி அதட்டினாங்க. துண்டோட, பனியில, வெறும் காலோட.

கலெவி நிமிந்தாரு. "உன்னைக் கேட்டுத்தான்."

"எப்பக் கேட்ட?"

"இப்ப." மண்வெட்டியைப் பனியில குத்தி நிறுத்தினாரு. "கேக்குறேன்ல அக்கா."

பெத்தேரி விளக்கை வேற பக்கம் திருப்பிக்கிட்டான். அக்காங்கிற வார்த்தை அவரு வாயில இருந்து வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு அவனுக்கே தெரியும்.

ரைலி மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாங்க. "கிழங்கை எல்லாம் பத்திரமா எடுத்து வைக்கணும். ஒண்ணு நசுங்கினாலும் விட மாட்டேன்."

"சரி."

"நம்பர் இறங்குற வரைக்கும் பிள்ளைங்க என் வீட்டு மாடியில."

இர்மெலியோட தலைமுடி நுனியில ஐஸ் கட்டிருச்சு. கலெவி அக்காவைப் பாத்தாரு. மகளைப் பாத்தாரு. தான் கட்டின கீழ்த்தளத்து ஜன்னலைப் பாத்தாரு. அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லாம நிலவறைக்குள்ள குனிஞ்சு போனாரு. உள்ள இருந்து கிழங்குப் பெட்டியை இழுக்குற சத்தம் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு. பின்னாடியே மண்வெட்டி மணல்ல இறங்குற சத்தம்.

"அம்மா!" நூரா படியில இருந்து கூப்பிட்டா. "அப்பா சரின்னாரா, முடியாதுன்னாரா?"

"தெரியலடி!" இர்மெலி சிரிச்சுக்கிட்டே திருப்பிக் கத்தினா. "ஆனா தோண்டுறாரு!"

ரைலி நிலவறைக்குள்ள தலையை விட்டுப் பாத்துட்டு, "இந்த வேகத்துல போனா விடிஞ்சிரும், கொஞ்சம் இடது பக்கம் தள்ளித் தோண்டு"ன்னாங்க. உள்ள இருந்து பதில் வந்துச்சு. "முதல்ல போய்த் துணியைக் கட்டு. செத்துப் போயிராத, எனக்கு விசிறிக்குக் கரன்ட் உன் வீட்டுல இருந்துதான் இழுக்கணும்."

பதில் சொல்லாத கேள்வி அங்கயே பனியில நின்னுக்கிட்டு இருக்கு. என்னைக்காவது கலெவி சொல்லித்தான் ஆகணும், அதுவும் ஏப்ரலுக்கு முன்னாடி. எனக்கே ரெண்டு மனசா இருக்குங்க. அதனால உங்களையே கேக்குறேன். குழந்தை அத்தைப் பாட்டி வீட்டுக்குப் போகட்டுமா? இல்ல நம்பர் இறங்குற வரைக்கும் நூரா ஹெல்சிங்கியிலயே இருந்துட்டு, நேரா அப்பா கட்டின பச்சை ரூமுக்கு வரட்டுமா? உங்க வீட்டுல இப்படி ஒரு நிலைமை வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு வரியா இருந்தாலும் சரி, காரணத்தோட எழுதி அனுப்புங்க.